பெற்றோரை இழந்தபின் சொந்த வீட்டுக்குத் திரும்புவோருக்கு

தாயோ தந்தையோ இறந்தபின் பெற்றோர் வீட்டில் வாரக்கணக்கில் தங்கிவிட்டு, நாம் வாழும் வீட்டுக்குத் திரும்பும் நாளைப் பற்றி யாரும் நம்மிடம் முன்கூட்டிப் பேசுவதில்லை. இறப்பு நேர்ந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திரும்பிப் போகும் நாளிலோ, 'பத்திரமாகப் போய் வா' என்பதற்கு மேல் எவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. என் தந்தை இறந்தபின் ஒன்பது வாரங்கள் தாயாரோடும் உடன்பிறந்தவர்களோடும் இருந்துவிட்டு நான் திரும்பினேன். அந்த ஒன்பது வாரங்களில் அழுததைவிட, திரும்பிவந்த முதல் சில நாட்களில் அழுததுதான் அதிகம். அங்கே எப்போதும் பேச ஆள் இருந்தது, செய்ய வேலை இருந்தது; துக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் அதன் பாரத்தை யாரும் தனியாகச் சுமக்கவில்லை. என் வீட்டில் அது எனக்கு மட்டுமே உரியதாக ஆகிவிட்டது.

கதவைத் திறந்தபோது, செய்தி வந்த இரவில் அவசரமாகக் கழற்றி எறிந்த செருப்புகளில் ஒன்று அப்படியே கவிழ்ந்து கிடந்தது. பையை இறக்கிவைத்ததும், இருபது ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகவே தொலைபேசியை எடுத்து அப்பாவின் எண்ணைத் தேடியது. எந்த ஊருக்குப் போனாலும் 'வந்து சேர்ந்துட்டேன்ப்பா' என்று சொல்லும்வரை அவர் உறங்கமாட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லை என்பது எனக்கு உறைத்தது அந்த வாசலில்தான். ஆகவே இந்தக் குறிப்புகளில் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: புறப்படுவதற்கு முன்பே, வந்து சேர்ந்த செய்தியை யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அது உடன்பிறந்தவராக இருக்கலாம், உயிரோடிருக்கும் மற்றப் பெற்றோராக இருக்கலாம், ஒரு நண்பராகவும் இருக்கலாம். 'நான் போய்ச் சேர்ந்ததும் உன்னிடம்தான் சொல்வேன், நீ எடுக்க வேண்டும்' என்று அவரிடம் வாய்விட்டே சொல்லிவையுங்கள்.

புறப்படும் முன்

திரும்ப வேண்டிய நாள் எது என்பதற்குப் பொதுவான கணக்கு எதுவும் இல்லை. விடுப்பு, பிள்ளைகளின் பள்ளி, பயணச்சீட்டு ஆகியவையே பெரும்பாலும் அந்த நாளைத் தீர்மானிக்கின்றன. ஆனால் நம் கையில் இருக்கும் இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. முதலாவது, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கிளம்பாமல், ஒருவர்பின் ஒருவராகச் சில நாள் இடைவெளி விட்டுக் கிளம்புவது. காலையில் பத்துப் பேர் இருந்த வீடு மாலையில் ஒரே ஒருவரோடு வெறிச்சோடிப் போவதைப்போலக் கொடுமையானது, தங்கிவிடும் தாய்க்கோ தந்தைக்கோ வேறு இல்லை. இரண்டாவது, வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய இரவு வந்து இறங்காமல், குறைந்தது இரண்டு முழு நாட்களாவது கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நேர மண்டலங்களைக் கடந்து வருபவர்கள் இதை இன்னும் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடலின் கடிகாரம் சரியாகிறது. தூக்கமின்மையும் துக்கமும் சேர்ந்து வந்தால் எது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

தனியாக இருக்கப்போகும் பெற்றோரிடம் 'எல்லாம் பார்த்துக்கொள்வீர்களா?' என்று கேட்காதீர்கள். 'பார்த்துக்கொள்வேன்' என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, இறந்தவர் அந்த வீட்டில் தினமும், வாரந்தோறும், மாதந்தோறும் என்னென்ன செய்துவந்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மின் கட்டணம் செலுத்தியது யார், மருந்து தீர்வதற்கு முன் வாங்கிவைத்தது யார், தண்ணீர்த் தொட்டியைக் கவனித்தது யார், இரவில் கதவைப் பூட்டியது யார் என்று எழுதிக்கொண்டே போனால், எங்கெல்லாம் ஆள் இல்லை என்பது தானாகத் தெரியும். பிறகு ஒவ்வொன்றையும் அவரே ஒருமுறை செய்துபார்க்க, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். என் தாயார் முதன்முறையாகத் தொலைபேசியில் கட்டணம் செலுத்தியபோது, அவருடைய விரல் திரைக்கு அரை அங்குலம் மேலே நின்று நடுங்கியது. 'தப்பா அழுத்திட்டா பணம் போயிடுமா?' என்று மூன்று முறை கேட்டார். நான் வாங்கிச் செய்து முடித்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், அடுத்த மாதம் அவர் மறுபடியும் எனக்காகக் காத்திருந்திருப்பார். அன்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய வரிசை, பெரிய எழுத்தில், இன்றும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது.

இறந்தவரின் அலமாரியைக் கடைசி இரண்டு நாட்களில் காலி செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிளம்புவதற்குள் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்த வேலையில்தான் பின்னால் வருந்தும்படியான பொருட்கள் கைவிட்டுப் போகின்றன. நீங்கள் எடுத்துப்போக நினைப்பது ஒன்றோ இரண்டோ என்றால், அதை மற்றவர்களிடம் கேட்டு, அவர்கள் எதிரிலேயே எடுத்து வையுங்கள். துணியாக இருந்தால் துவைக்காமல், காற்றுப் புகாத உறையில் போட்டு மூடுங்கள். வாசனை எல்லாவற்றுக்கும் முன்னால் மறைந்துபோகும்.

காகிதங்களும் தொலைபேசியும்

இந்தப் பகுதி உணர்ச்சியற்றதாகத் தோன்றும். ஆனால் திரும்பிவந்த பிறகு தூரத்திலிருந்து சரிசெய்ய முடியாத தவறுகள் இதில்தான் நேர்கின்றன.

இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட படிகளை, தேவை என்று நினைப்பதைவிடக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள்; வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு படியைக் கேட்பார்கள், எல்லோரும் திருப்பித் தரமாட்டார்கள். நீங்கள் வேறு நாட்டில் வசித்து, அங்கே அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தால், அதற்கு அப்போஸ்டில் எனப்படும் முத்திரைச் சான்று தேவைப்படலாம். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி வழங்கப்படும் இந்தச் சான்றை 120-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்கின்றன. ஆவணம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டின் அதிகாரிகள் மட்டுமே இதைத் தர முடியும் என்பதால், கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. மருத்துவமனைச் சீட்டுகளும் ரசீதுகளும் வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான தாளில் இருந்தால் உடனே படி எடுத்து வையுங்கள். அந்த எழுத்து சில மாதங்களில் வெளிறிப்போய்விடும், கணக்குக் கேட்கும் நாளில் வெற்றுத்தாள்தான் மிஞ்சும்.

இறந்தவரின் தொலைபேசி எண்ணை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். நாங்கள் செய்தோம். மாதக் கட்டணம் வீணாகிறதே என்று ஐந்தாவது வாரத்திலேயே எண்ணைத் துண்டித்த பிறகுதான், அவருடைய மின்னஞ்சலுக்குள் நுழைவதற்கான ஓ.டி.பி. அந்த எண்ணுக்கு மட்டுமே வரும் என்பது தெரிந்தது. அதைச் சரிசெய்யப் பல வாரங்கள் அலைய வேண்டியிருந்தது. பயன்படுத்தாமல் விடப்படும் எண்கள் சில காலம் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாட்கள் செயல்படாமல் இருந்தால் நீக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் எவரும் தொடாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆப்பிள் கருவிகளில், தனக்குப்பின் கணக்கைத் திறக்க ஒருவரை முன்பே நியமித்துவைக்கும் வசதி 2021-இலிருந்து இருக்கிறது. இறந்தவர் அப்படி உங்களை நியமித்திருந்தால், அதற்கான திறவுச்சொல்லும் இறப்புச் சான்றிதழும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது குரல். உங்கள் தொலைபேசியில் இருக்கும் அவருடைய குரல் பதிவுகளையும் காணொளிகளையும் இன்றே இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். இப்போது கேட்க வேண்டும் என்பதில்லை. எத்தனையோ பேர் ஓராண்டு வரை கேட்கத் துணியாமல் இருக்கிறார்கள். ஆனால் கேட்க மனம் வரும் நாளில் அது இருக்க வேண்டும்.

பூட்டிக் கிடந்த வீடு

பல வாரங்கள் பூட்டிக் கிடந்த வீடு சில அபாயங்களைச் சேர்த்துவைத்திருக்கும். துக்கத்தோடு வருபவருக்கு இவற்றைக் கவனிக்கும் நிதானம் இருக்காது என்பதால், அருகில் வசிக்கும் ஒருவரை முந்தின நாளே போய்ப் பார்க்கச் சொல்ல முடிந்தால் மிகவும் நல்லது.

முதலில் சன்னல்களைத் திறந்துவிட்டு, குழாய்களைக் கவனியுங்கள். பயன்படாமல் குழாயில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகக்கூடும். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பநிலை அதற்கு உகந்தது. அது நீர்த்திவலைகளாக நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம். ஆகவே எல்லாக் குழாய்களையும் தண்ணீர் தெறிக்காதபடி மெதுவாகத் திறந்து சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். குளியலறைப் பூவாளிக் குழாயின் (ஷவர்) தலையைக் கழற்றிவிட்டோ, ஒரு துணியால் சுற்றியோ ஓடவிட்டால் திவலை பரவாது. வெந்நீர்க் கலன் இருந்தால் அதை 60 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே குளியுங்கள். வீட்டில் சாக்கடை நாற்றம் அடித்தால் பதற வேண்டாம்; கழிவுநீர்க் குழாயின் வளைவில் நிற்கும் நீர் வற்றிப்போயிருக்கும், ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். வாளியிலோ தொட்டியிலோ செடிச்சட்டியின் அடித்தட்டிலோ நீர் நின்றிருந்தால் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் வெப்பமான சூழலில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்களே போதும்.

குளிர்பதனப் பெட்டியில் இருப்பவற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் வெளியேற்றிவிடுங்கள். உறைநிலைப் பகுதியில் இருப்பவை கட்டியாக இருந்தாலும், இடையில் நெடுநேரம் மின்சாரம் நின்று, உருகி மறுபடி உறைந்திருக்கலாம். பனிக்கட்டித் தட்டில் நீர் உருகி ஒருபக்கம் சாய்ந்து உறைந்திருந்தால் அதற்கு அதுவே அடையாளம். மற்றத் தூசியும் தபால் குவியலும் காத்திருக்கலாம். முதல் இரவுக்குத் தேவை சுத்தமான ஒரு படுக்கையும், சாப்பிட ஏதாவது ஒன்றும், தொலைபேசிக்கு மின்னேற்றமும்தான். பெட்டியைப் பிரித்து அடுக்கும் வேலையை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

முதல் வாரங்கள்

துக்கம் ஐந்து படிகளில் வரிசையாக வந்து போகும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளை விவரித்தது, தமக்கு மரணம் நெருங்கிவிட்டது என்று அறிந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு வகுத்த கால அட்டவணை அல்ல அது. எனக்குப் பயன்பட்டது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்த விளக்கம். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கிக் கொஞ்ச நேரமும், அன்றாட வாழ்வைச் சரிசெய்வதை நோக்கிக் கொஞ்ச நேரமும் என இரண்டுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருப்பார், அந்த ஊசலாட்டமே இயல்பானது என்பது அதன் சாரம். இதைப் புரிந்துகொண்டால், காலையில் அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்ததற்காக மாலையில் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை என்பது விளங்கும். ஒரு நாளில் துக்கத்துக்கென்று ஓர் அரை மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம். படத்தைப் பார்த்தோ, எழுதியோ, வெறுமனே உட்கார்ந்தோ அதைக் கழிக்கலாம்.

வேலைக்குத் திரும்பும் முன், ஒரே ஒருவரிடம் பேசி, மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டால் உங்களுக்கு எளிதாக இருக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவராக வந்து விசாரிப்பது சிலருக்கு ஆறுதல். சிலருக்கோ, பத்து முறை அதே கதையைச் சொல்வது பத்து முறை அதே செய்தியைக் கேட்பது போல. முதல் இரண்டு வாரங்களில் பெரிய முடிவுகள், கையெழுத்துகள், நெடுந்தூரம் வண்டி ஓட்டுதல் ஆகியவற்றைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். மறதி வரும். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவர்.

நீங்கள் அங்கே இருந்தபோது இங்கேயே இருந்துவிட்ட கணவரோ மனைவியோ பிள்ளைகளோ இருந்தால், அவர்களும் ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். வீட்டை ஒற்றை ஆளாகச் சமாளித்த களைப்பும், உங்களிடம் அதைச் சொல்லக் கூடாதே என்ற தயக்கமும் அவர்களிடம் இருக்கும். 'நான் இல்லாதபோது என்னென்ன நடந்தது?' என்று நீங்களே கேளுங்கள். சிறு பிள்ளைகளிடம் 'தாத்தா தூங்குகிறார்', 'பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்வதைத் தவிருங்கள். இறப்பு மீள முடியாதது என்பது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் புரியாது. தூக்கம் என்று சொன்னால் தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. 'இறந்துவிட்டார், அவருடைய உடல் இனி இயங்காது, அவர் திரும்பி வரமாட்டார்' என்று நேராகச் சொல்லுங்கள். குழந்தை ஒரு நிமிடம் அழுதுவிட்டு மறுநிமிடம் விளையாடப் போனால், அதற்குத் துக்கம் இல்லை என்று பொருள் அல்ல. குழந்தைகள் சிறு சிறு துண்டுகளாகவே துக்கப்படுகிறார்கள்.

தனியாக இருக்கும் தாயையோ தந்தையையோ தொலைபேசியில் அழைப்பதற்கு ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது, நினைத்தபோதெல்லாம் அழைப்பதைவிட மேலானது. அழைப்பு எப்போது வரும் என்று தெரிந்தால் அந்த நாளுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. வராத ஐந்து நிமிடத்தையும் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். 'சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா' என்பதோடு நிறுத்திவிடாமல், இறந்தவரின் பெயரை நீங்களே பேச்சில் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் வருந்துவார்கள் என்று அவரும், அவர் வருந்துவார் என்று பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்லாமல் விழுங்கும் வீடுகள் ஏராளம். அவர் நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் கவலையினால்தான் என்று ஒதுக்கிவிடாமல் உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். நெருங்கியவரை இழந்த முதல் நாட்களில் மாரடைப்பின் ஆபத்து கூடுகிறது. பெரும் துயரத்தால் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் தகோட்சுபோ என்ற நிலையும் உண்டு, மாதவிடாய் நின்ற பெண்களிடமே அது அதிகம் காணப்படுகிறது. அறிகுறிகள் மாரடைப்பைப் போலவே இருப்பதால் வீட்டில் இருந்தபடி வேறுபடுத்த முடியாது.

உடன்பிறந்தவர்களோடு சொத்தையும் வீட்டையும் பற்றிய பேச்சைக் குறுஞ்செய்தியில் நடத்த வேண்டாம். காலக்கெடு உள்ள சட்ட வேலைகளை மட்டும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு, மற்றவற்றை நேரில் சந்திக்கும் நாளுக்கு விட்டுவையுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, நீடித்த துக்கம் ஒரு தனிக் கோளாறாக அதில் இடம்பெற்றது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் அன்றாட வாழ்வை முடக்கும் அளவுக்கு நீடிப்பது அதன் அடையாளம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்திருக்கிறது. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, நாள்கணக்கில் உண்ணவும் உறங்கவும் முடியாமல் போனாலோ, மதுவோ மாத்திரையோ இல்லாமல் இரவைக் கடக்க முடியாது என்றாலோ, எந்த மாதக் கணக்கையும் பார்க்காமல் அன்றே ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கையானவரிடமோ சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை மீதமிருக்கிறது. திரும்பிவந்த முதல் வாரம் முடிவதற்குள், மறுபடி அந்த வீட்டுக்கு எப்போது போவீர்கள் என்ற தேதியை முடிவு செய்து, முடிந்தால் பயணச்சீட்டையும் எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. தேதியைத் தங்கியிருப்பவரிடம் சொல்லி, அவர் கையாலேயே நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். என் தாயார் குறித்துவைத்துவிட்டு, 'கிளம்பும்போது சொல்லு, வந்து சேருற வரைக்கும் முழிச்சிருப்பேன்' என்றார்.